ஓர்க்னி கடலடியில் 864 சர்வர்கள்

2018 ஜூன் மாதம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னி தீவுகளை ஒட்டிய கடலில், 12 மீட்டர் நீள வெள்ளை உருளை ஒன்றை 35 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். உள்ளே 12 ரேக்குகளில் 864 சர்வர்கள். மைக்ரோசாஃப்டின் 'நேட்டிக்' திட்டத்தில் அது இரண்டாம் கட்டம்.

திட்டத்துக்கு விதை போட்டது, 2013இல் அந்நிறுவன ஊழியர்கள் எழுதிய ஓர் அறிக்கை. எழுதியவர்களில் ஒருவரான ஷான் ஜேம்ஸ், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். நுட்பமான மின்னணுக் கருவிகள் உப்புநீருக்கு நடுவே பழுதின்றி இயங்குவதை நேரில் கண்டவர்.

சர்வர்கள் இரவு பகலாகச் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டைத் தணிக்கக் கரையில் ஏராளமான மின்சாரமும், பல ஊர்களில் நல்ல தண்ணீரும் செலவாகின்றன. கடலைத் துணைக்கு அழைத்தது நேட்டிக் மட்டுமல்ல. பின்லாந்தின் ஹமினாவில், மூடப்பட்ட காகித ஆலை ஒன்றை 2009இல் கூகுள் வாங்கியது. ஆலைக்காக முன்பே வெட்டியிருந்த சுரங்கத்தின் வழியே பின்லாந்து வளைகுடாவின் நீரைக் கொண்டுவந்து, 2011 முதல் தன் தரவு மையத்தைக் குளிர்விக்கிறது. நேட்டிக் குழுவோ சர்வர்களையே கடலுக்குள் அனுப்பியது. 2015இல் கலிஃபோர்னியா கடலில் 'லியோனா ஃபில்பாட்' என்ற சிறு கலத்தை முதலில் சோதித்தார்கள்.

ஓர்க்னிக்குப் போன கலத்தைக் கட்டியது பிரான்சின் நேவல் குரூப். குளிர்விக்கும் முறை நீர்மூழ்கிகளிடமிருந்து வந்தது. கடல்நீர் ஒவ்வொரு ரேக்கின் பின்னாலுள்ள ரேடியேட்டருக்கும் குழாயில் போய், சூட்டை வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்பும். கலத்துக்குள் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜன். மின்சாரமும் தகவல் இணைப்பும் கரையிலிருந்து கேபிளில் வந்தன.

2020 ஜூலையில் கலத்தை மேலே தூக்கியபோது பாசியும் கொட்டலசும் கடற்சாமந்தியும் அப்பிக் கிடந்தன. உள்ளேயோ வியப்பு காத்திருந்தது: கரையில் ஒப்பீட்டுக்காக ஓடிய சர்வர்களோடு பார்த்தால், பழுதான விகிதம் எட்டில் ஒரு பங்குதான். துருவுக்குக் காரணமான ஆக்சிஜனும் ஈரமும் அங்கே இல்லை; நடமாடி, இடித்து, இணைப்புகளை அசைக்க ஆளும் இல்லை. இவையே காரணங்களாக இருக்கலாம் என்று குழு கருதியது. குளிர்ச்சியைத் தேடிக் கடலுக்குப் போனவர்களுக்குக் கிடைத்த பெரும்பேறு இந்த நீடித்த ஆயுள்தான்.

ஆனாலும் மைக்ரோசாஃப்ட் அந்த வழியில் தொடரவில்லை. கடலடியில் தனக்குத் தரவு மையம் எதுவும் இல்லை, கற்ற பாடங்களை வேறு பணிகளில் பயன்படுத்துவோம் என்று 2024இல் அறிவித்தது. அதற்குள் சீனா களமிறங்கியிருந்தது. ஹைனான் தீவின் லிங்ஷுய் கடலில், வணிகப் பயன்பாட்டுக்கென்றே 2023இல் சுமார் 1,300 டன் எடையுள்ள கலத்தை இறக்கியது.

ஓர்க்னி வடகடல் குளிரில் கிடக்கும் தீவுக்கூட்டம். ஹைனானோ வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது; அங்கே கடல்நீரே வெதுவெதுப்பு. ஒரு கலம் வெளியேற்றும் சூடு கடலில் சட்டெனக் கரைந்துவிடலாம். ஆனால் நூறு கலங்கள் ஒரே இடத்தில் குவிந்தால் அங்குள்ள மீனும் பவளமும் என்னவாகும் என்பதை, அடுத்தடுத்த கலங்கள் இறங்குவதற்கு முன்பே அளந்து அறிந்தாக வேண்டும்.