லாட்டரி எண் கணிப்பு முறையை முந்தைய குலுக்கல்களில் சோதித்தல்

லாட்டரியில் அடுத்து விழப்போகும் எண்களைச் சொல்வதாகக் கூறும் விதி ஒன்றை, நடந்து முடிந்த குலுக்கல்களில் ஓட்டிப் பார்த்து, அது தற்செயலைவிடக் கூடுதலாகப் பலிக்கிறதா என்று அளப்பதே இச்சோதனை. முடிவுகள் நெடுங்காலம் பதிவான விளையாட்டுகளே இதற்கு ஏற்றவை. 1955 அக்டோபர் 9 அன்று ஹாம்பர்க்கில் தொடங்கிய ஜெர்மனியின் '49-இல் 6' லோட்டோ அத்தகையது. சிங்கப்பூர் டோட்டோவும் 2014 முதல் 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டமே.

கணிப்பு விதிகளில் பெரும்பாலானவை இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றைச் சார்ந்தவை. அடிக்கடி வந்த எண் இனியும் வரும் என்பது ஒன்று. நெடுநாள் வராத எண் இனி வந்தே தீரும் என்பது மற்றது. ஜெர்மன் லோட்டோவின் முதல் குலுக்கலில் முதலாவதாக வந்த பந்து 13. பின்வந்த பல பத்தாண்டுகளில் மிகக் குறைவாக வந்த எண்ணும் அதுவே. முதல் கட்சிக்காரர் அதைத் தவிர்க்கிறார், இரண்டாம் கட்சிக்காரர் அதிலேயே பணம் கட்டுகிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டியல்தான்.

தற்செயலின் அளவு

49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 1,39,83,816 வழிகள் உண்டு. எந்த ஆறைத் தேர்ந்தாலும் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தும் நிகழ்தகவு 1.86 சதவீதம். குலுக்கலுக்கு ஒரு வரிசை என 1,000 குலுக்கல்களில் விளையாடினால், கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டவருக்கும் சராசரியாக 18 அல்லது 19 முறை இது அமையும். திட்டவிலக்கம் நான்குக்குச் சற்று மேல். ஆகவே 10 முதல் 27 வரை எந்த எண்ணிக்கை வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. 26 முறை பலித்த விதியை 'நாற்பது சதவீதம் மேம்பட்டது' என்று விளம்பரம் செய்யலாம். கணக்கு தப்பில்லை, அதிலிருந்து செய்யும் முடிவுதான் தப்பு.

குலுக்கல் இயந்திரமே ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்க்கக் கை-வர்க்க (chi-square) சோதனை பயன்படுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு குலுக்கலில் ஒரே பந்து இருமுறை வராது என்பதால், வழக்கமான சூத்திரம் தரும் மதிப்பை 48/43 ஆல் பெருக்கிய பிறகே அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இதை மறந்தால் எண்கள் உள்ளதைவிடச் சீராகப் பரவியிருப்பதாகத் தோன்றும்.

சோதனை தடம் புரளும் இடங்கள்

500-ஆவது குலுக்கலுக்கு எண் சொல்லும் விதிக்கு முதல் 499 முடிவுகள் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். முழுப் பட்டியலிலும் அதிகம் வந்த ஆறு எண்களைப் பொறுக்கி, அதே பட்டியலில் சோதித்தால் அவை வெல்லாமல் என்ன செய்யும்? இதைவிட நுட்பமான தவறு, பல விதிகளை முயன்று வென்றதை மட்டும் வெளியே காட்டுவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாற்பது விதிகளை மேற்சொன்ன 1,000 குலுக்கல்களில் ஓட்டினால், ஒன்றாவது 27-ஐத் தாண்டும் வாய்ப்பே அதிகம். அந்த ஒன்றை, விதியை வகுத்தபோது தொடாமல் ஒதுக்கிவைத்த குலுக்கல்களில் மீண்டும் சோதித்தாக வேண்டும். ஆட்டத்தின் அமைப்பு மாறியிருந்தால் பழைய பதிவுகளைப் புதியவற்றோடு கலக்கவும் கூடாது: பிரிட்டனின் தேசிய லாட்டரி 2015 அக்டோபரில் 49 எண்களிலிருந்து 59-க்கு மாறியது.

அபூர்வம்போல் தெரிவதும் ஏமாற்றும். 1995 ஜூன் 21 அன்று ஜெர்மனியில் விழுந்த 15, 25, 27, 30, 42, 48 ஆகிய ஆறும் 1986 டிசம்பர் 20 அன்றே ஒருமுறை சேர்ந்து விழுந்தவை. சதி என்று சந்தேகிக்க இடமில்லை. அதுவரை நடந்த 3,016 குலுக்கல்களில் ஏதேனும் ஒரு வரிசை இருமுறை வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 28 சதவீதம்.

உண்மையான மோசடிகூட இச்சோதனையில் சிக்குவது அரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980 ஏப்ரல் 24 அன்று 4, 6 தவிர்த்த பந்துகளுக்குள் சாயம் செலுத்தி எடை கூட்டினார்கள், 666 விழுந்தது. அயோவாவில் லாட்டரி அமைப்பு ஒன்றின் பணியாளரான எட்டி டிப்டன் எண் உருவாக்கும் நிரலில் செய்த மாற்றம் ஆண்டின் சில நாள்களில் மட்டுமே வேலை செய்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளின் சராசரியில் இவை கரைந்துபோகும். இரண்டையும் வெளிக்கொணர்ந்தது புள்ளியியல் அன்று, விசாரணைதான்.

பணக் கணக்கு

பொருந்திய எண்களை மட்டும் எண்ணுவது அரைச் சோதனையே. ஜெர்மன் லோட்டோ வசூலில் பாதியைத்தான் பரிசாகத் தருகிறது. ஆகவே விளையாடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி நட்டம் பாதி. அந்தப் பரிசும் ஒரே எண்களைப் போட்டவர்களுக்குள் பங்கிடப்படுகிறது. பழைய முடிவுகளை நம்பியவர்களுக்கு இந்த இடத்தில்தான் நிஜமான விளைவு ஏற்பட்டது. 1977 ஜூன் 18 அன்று ஜெர்மனியில் விழுந்த 9, 17, 18, 20, 29, 40 முந்தைய வாரம் நெதர்லாந்தில் விழுந்த அதே ஆறு. அவற்றை அப்படியே எழுதிப் போட்டவர்கள் பலர் இருந்ததால், ஆறும் பொருந்தியவர்கள் 205 பேர். ஆளுக்குக் கிடைத்தது சுமார் 30,700 மார்க். முடிவுப் பட்டியலைப் பார்த்து எண் போடும் விதி பலித்தாலும், அதே பட்டியலைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் பங்குக்கு வந்து நிற்கிறார்கள். பிறந்த தேதிகளால் பிரபலமான 31 வரையிலான எண்களைத் தவிர்ப்பவருக்கு வெல்லும் வாய்ப்பு இம்மியும் கூடாது, வென்றால் கிடைக்கும் பங்கு மட்டும் கூடலாம்.