உத்தரத்தைச் சுற்றிய பட்டை: கட்டுமானப் பணியிடங்களில் தற்காலிக நங்கூரப் பட்டையின் தோற்றமும் வளர்ச்சியும்

உயரத்தில் பணிபுரியும் கட்டுமானத் தொழிலாளி தவறி விழ நேர்ந்தால் அவரை நடுவழியில் தடுத்து நிறுத்தும் அமைப்பு மூன்று உறுப்புகளால் ஆனது. உடலைத் தாங்கும் வார்க்கட்டாகிய ஹார்னஸ் முதலாவது. ஹார்னஸையும் கட்டடத்தையும் இணைக்கும் லேன்யார்டு என்னும் குறுங்கயிறு இரண்டாவது. அக்கயிற்றின் மறுமுனைக் கொக்கி மாட்டப்படும் நங்கூரம் மூன்றாவது. முதல் இரண்டும் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்றுப் பணியிடத்துக்கு வந்துசேர்பவை. மூன்றாவது உறுப்போ நெடுங்காலம் பணியிடத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு கம்பியாகவோ குழாயாகவோ உத்தரமாகவோ மட்டுமே இருந்தது. அதையும் ஒரு கருவியாக்கி, தொழிலாளி தோளில் போட்டு எடுத்துச் செல்லும் பொருளாக மாற்றியது தற்காலிக நங்கூரப் பட்டை. செயற்கை இழையால் நெய்த, ஏறத்தாழ 3 முதல் 6 அடி நீளமுள்ள இப்பட்டையின் ஒரு முனையில் பெரிய வளையமும் மறுமுனையில் சிறிய வளையமும் இருக்கும். பட்டையை உத்தரத்தின் மேல் போட்டு, சிறிய வளையத்தைப் பெரிய வளையத்தினூடே இழுத்து இறுக்கினால், தொங்கும் சிறிய வளையமே கொக்கி மாட்டுவதற்கான இடமாகிவிடும். இத்தனை எளிய பொருள் இவ்வளவு தாமதமாகத் தனியுருப் பெற்றதற்கான காரணத்தை இழைகளின் வரலாற்றிலும் சட்டவிதிகளின் கணக்கிலும் தேட வேண்டியுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் எஃகுச் சட்டகக் கட்டடங்கள் எழுந்தபோது, உத்தரங்களைப் பொருத்திய தொழிலாளர் பெரும்பாலும் எதனுடனும் பிணைக்கப்படாமலே பணியாற்றினர். 1932 செப்டம்பரில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் ஓர் உத்தரத்தின்மேல் வரிசையாக அமர்ந்து உணவருந்தும் பதினொருவரைக் காட்டும் புகழ்பெற்ற நிழற்படம் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டதே எனினும், அவர்கள் இடுப்பில் கயிறு இல்லாதது அக்காலத்தின் இயல்பு நிலையையே காட்டுகிறது. கட்டமைப்பைச் சுற்றிப் பட்டையிடும் வழக்கம் அப்போது மின்கம்பப் பணியாளரிடம்தான் இருந்தது. அவர்கள் தோல் வாரைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் இரு முனைகளையும் தம் இடைவாரில் மாட்டி, அதில் சாய்ந்து நின்று இரு கைகளாலும் வேலை செய்தனர். ஆனால் அந்த வார் நிற்கும் ஆளை நிற்கவைக்கப் பயன்பட்டதே தவிர, விழும் ஆளின் விசையைத் தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. இவ்விரு பணிகளும் வேறுவேறு என்னும் தெளிவு பிற்காலத்தில்தான் ஏற்பட்டது.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலப் பணி (1933–1937) இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் மணிலாக் கயிற்றால் பின்னிய பெருவலையை விரிக்கச் செய்தார்; அதில் விழுந்து உயிர் தப்பியோர் 19 பேர். எனினும் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு நகரும் சாரம் கழன்று வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் மாண்டனர். அந்த வலை தொழிலாளியிடமிருந்து எந்தச் செயலையும் எதிர்பார்க்கவில்லை. நங்கூரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொறியாளர்கள், தொங்கவிடப்பட்ட இடம் கணக்கிட்டுத் தீர்மானிக்கப்பட்ட இடம். தனிமனிதக் கயிறு பின்னர் பரவலானபோது இந்தப் பொறுப்பு முழுவதும் பொறியாளரின் வரைபடத்திலிருந்து தொழிலாளியின் கைக்கு இடம்பெயர்ந்தது என்பதும், அந்த இடமாற்றத்தை எவரும் தனியே விவாதித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை என்பதும் கருதத்தக்கவை.

கயிறும் தோலும் நீடித்தவரை நங்கூரப் பட்டைக்கு வழியில்லை. மணிலா நார் ஈரத்தில் அழுகக்கூடியது. தோல் காய்ந்தால் வெடிக்கும். இரண்டும் வெளித்தோற்றத்துக்கு நன்றாக இருந்தே உள்ளே வலுவிழக்கும். 1935இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியதும், 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டறிந்ததும் இந்நிலையை மாற்றின. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுகளுக்கும் அவற்றின் வார்களுக்கும் நைலான் பயன்பட்டது. தட்டையாக நெய்யப்பட்ட செயற்கை நாடா, வட்டக் கயிற்றைவிட ஒரு விளிம்பின்மேல் நன்கு படிந்து விசையைப் பரப்பிக் கொடுக்கும் என்பது போருக்குப் பின் மலையேற்றத்திலும் பாரந்தூக்கும் தொழிலிலும் அனுபவமாகத் தெரியவந்தது. கட்டுமானத்துக்கான பட்டை இவ்விரு துறைகளுக்கும் கடன்பட்டது.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தைத் தொடர்ந்து ஓஷா என்னும் கூட்டாட்சி நிர்வாகம் அமைந்தது. அது தொடக்கத்தில் நடைமுறைப்படுத்திய கட்டுமான விதிகள், உயிர்க்கயிறு கட்டப்படும் இடம் 5,400 பவுண்டு நிலைப்பாரத்தைத் தாங்க வேண்டும் என்றும், லேன்யார்டு அரை அங்குல நைலான் கயிறாகவோ அதற்கு இணையானதாகவோ இருந்து 5,400 பவுண்டு முறிவலிமை கொண்டிருக்க வேண்டும் என்றும், விழும் தூரம் 6 அடியைத் தாண்டக் கூடாது என்றும் கூறின. நங்கூரத்துக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண்ணை எட்டும் புள்ளியைப் பணியிடத்தில் எவ்வாறு உண்டாக்குவது என்பதற்கு வழி கிடைக்கவில்லை. உத்தரத்தில் கொக்கி நேரடியாக மாட்டாது. எனவே லேன்யார்டையே உத்தரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கியை அதே கயிற்றில் திருப்பி மாட்டுவதோ முடிச்சிடுவதோ இயல்பான தீர்வாகத் தோன்றியது.

இந்தத் தீர்வின் ஆபத்தை ஓஷாவின் 1994ஆம் ஆண்டுத் திருத்த விதிகளோடு வெளியான வழிகாட்டு இணைப்பு எண்களாகவே வைத்தது. கயிற்றில் முடிச்சிட்டால் வலிமை பாதியோ அதற்கு மேலோ குறையலாம். ஹெச் அல்லது ஐ வடிவ எஃகு உத்தரத்தைச் சுற்றிக் கட்டினால் விளிம்பின் வெட்டுத்தன்மையால் 70 விழுக்காடு வரை குறையலாம் என்றது அது. 5,400 பவுண்டுக் கயிறு உத்தர விளிம்பில் 70 விழுக்காட்டை இழந்தால் மீதி 1,620 பவுண்டுதான். அதே 1994 விதிகள் ஹார்னஸ் அணிந்தவர் உடலில் படலாம் என அனுமதித்த உச்சத் தடுப்புவிசை 1,800 பவுண்டு. அதாவது விதிப்படி சரியான கயிறு, விதிப்படி சரியான உத்தரம், விதி அனுமதித்த விசை ஆகிய மூன்றும் சேர்ந்தும் கயிறு அறுந்துபோகக்கூடும். தனி நங்கூரப் பட்டையின் தேவையை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக வேறெதுவும் விளக்கவில்லை எனலாம். உத்தரத்தைச் சுற்றும் வேலையையும், விழுபவரைத் தடுக்கும் வேலையையும் ஒரே கயிற்றிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். சுற்றும் பணிக்கு அகலமான, உராய்வைத் தாங்கும் மேலுறை தைத்த தனிப்பட்டை. தடுக்கும் பணிக்கு எங்கும் வளையாமல் நேராகத் தொங்கும் லேன்யார்டு. அனல்பொறி பறக்கும் வெல்டிங் பணியிலும் மிகக் கூரிய விளிம்புகளிலும் நெய்த பட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் கம்பிவடம் அதே வடிவில் பயன்பட்டது.

1994இல் வெளியாகி 1995 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இவ்விதிகள் நங்கூர வலிமையை ஒருவருக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22 கிலோநியூட்டன் என வகுத்தன. தகுதிபெற்ற வல்லுநர் மேற்பார்வையில் முழு அமைப்பும் வடிவமைக்கப்பட்டால் எதிர்பார்க்கும் விசையின் இருமடங்கு வலிமை போதும் என மாற்றுவழியும் தந்தன. கைப்பிடி வேலிகளிலும் பாரந்தூக்கிகளிலும் மாட்டக் கூடாது. விழுகையின் விசை ஒருமுறை ஏறிய உறுப்பைத் தகுதியுள்ளவர் ஆய்ந்து ஏற்கும்வரை விலக்கி வைக்க வேண்டும் என்பவையும் அவற்றுள் அடங்கும். மேலும், விழுகையைத் தடுக்க இடைவாரைப் பயன்படுத்துவது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. இதற்குப் பின்னணியாக அமைந்தவற்றுள் ஒன்று, 1980களில் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் தன்னார்வலர்களைத் தொங்கவிட்டு நடத்திய சோதனை: இடைவாரில் தொங்கியவர்கள் சராசரியாக இரண்டு நிமிடங்கூடத் தாங்கவில்லை, முழுவுடல் ஹார்னஸில் சுமார் 14 நிமிடம் தாங்கினர். இடைவார் மறைந்து ஹார்னஸ் வந்தபோது கொக்கி மாட்டும் இடம் இடுப்பிலிருந்து முதுகின் மேற்பகுதிக்கு உயர்ந்தது. அதனால் நங்கூரமும் தலைக்கு மேல் இருப்பதே பொருத்தமாயிற்று. தலைக்கு மேலுள்ள உத்தரத்திலிருந்து வளையத்தைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கித் தரும் பட்டையின் பயன் இந்த மாற்றத்தால் கூடியது என்று கருத இடமுண்டு.

ஐரோப்பா இதே சிக்கலை வேறு பாதையில் அணுகியது. 1996இல் வெளியாகி 2012இல் திருத்தப்பட்ட ஈஎன் 795 என்னும் தரநிலை, நங்கூரக் கருவிகளை ஏ முதல் ஈ வரை ஐந்து வகைகளாகப் பிரித்து, கட்டமைப்பில் நிலையாகப் பொருத்தப்படாமல் எடுத்துச் செல்லத்தக்கவற்றைப் ‘பி’ வகையில் வைத்தது; பட்டைகள், உத்தரக் கவ்விகள், முக்காலிகள் இவ்வகையின. திருத்தப்பட்ட தரநிலை உலோகக் கருவிக்கு 12 கிலோநியூட்டன் நிலைவிசைச் சோதனையையும், நீடித்த உழைப்புக்குச் சான்று காட்டப்படாத உலோகமல்லாத கருவிக்கு 18 கிலோநியூட்டன் சோதனையையும் விதிக்கிறது. அமெரிக்காவின் 22 கிலோநியூட்டனை நோக்க இவை சிறியவையாகத் தோன்றினாலும், அதிர்வு உறிஞ்சி பொருத்திய லேன்யார்டு விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்கிவிடும் என்னும் ஐரோப்பிய வரம்போடு வைத்துப் பார்த்தால் இவை முறையே இருமடங்கும் மும்மடங்கும் ஆகும். நெய்த இழை வெயிலாலும் தேய்மானத்தாலும் மூப்படையும் என்பதே கூடுதல் மடங்கின் பொருள். பின்னர் இத்தரநிலையை ஏற்றபோது ஐரோப்பிய ஆணையம், கட்டடத்தில் நிலைத்துவிடும் ஏ, சி, டி வகைகளைத் தனிநபர் பாதுகாப்புக் கருவி என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. ‘பி’ வகை அவ்வரையறைக்குள் நின்றது. இதன்படி நங்கூரப் பட்டை தலைக்கவசத்தோடும் கையுறையோடும் ஒரே சட்டப் பிரிவில் இடம்பெறுகிறது.

இந்த வகைப்பாடு நடைமுறைக்கு வசதியானதே. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. சோதனைச்சாலை சோதிப்பது பட்டையை மட்டுமே. பட்டை சுற்றப்படும் உத்தரத்தையோ தூணையோ குழாயையோ எந்த முத்திரையும் உறுதிப்படுத்துவதில்லை. 5,000 பவுண்டு என்று அச்சிட்ட சீட்டு தைக்கப்பட்ட பட்டையைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினால் நங்கூரத்தின் வலிமை குழாயின் வலிமைதான். விழுகைப் பாதுகாப்பில் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் விடப்படும் கூறு நங்கூர இடங்களைத் திட்டமிடுவதே என்று மேற்சொன்ன 1994 இணைப்பே ஒப்புக்கொண்டிருந்தது. கையடக்கமான பட்டை அக்கவனக்குறைவைக் குறைத்ததா, மறைத்ததா என்பது விவாதத்துக்குரியது. மறைத்தது என்னும் பக்கமே வலுவாகத் தோன்றுகிறது.

பட்டையின் பயன்பாட்டு நுணுக்கங்களுள் சில இங்குக் குறிக்கத்தக்கவை. இரு முனைகளையும் ஒரே கொக்கியில் சேர்த்துத் தொங்கவிடும்போது அவற்றிடையே கோணம் விரிய விரிய ஒவ்வொரு காலிலும் ஏறும் விசை கூடும். 120 பாகையில் ஒவ்வொரு காலும் முழு விசையையும் தாங்க நேரும். ஆகவே பருத்த தூணைக் குட்டைப் பட்டையால் இழுத்துச் சுற்றுவது தவறு. பட்டையைக் கால்மட்டத்தில் கட்டினால், 6 அடி லேன்யார்டு பூண்டவர் கொக்கி வரை விழுந்து, அதையும் கடந்து கீழே இறங்குவதால், விழும் தூரம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடும். கட்டுமானத்துக்கே உரிய மற்றோர் எதிரி சிமென்ட். ஈரச் சிமென்டின் காரத்தன்மை பாலியெஸ்டர் இழையைச் சிதைக்கவல்லது. நைலான் காரத்தைப் பொறுக்கும், ஆனால் அமிலத்துக்கு இளைக்கும். கான்கிரீட் பணியில் சேறுபடிந்து காய்ந்த பட்டையைக் கழுவாமல் மடித்து வைப்பது, கண்ணுக்குத் தெரியாத அழிவை வரவேற்பதாகும்.

கான்கிரீட் கட்டடங்களுக்கெனத் தோன்றிய ஒருமுறைப் பட்டை இவ்வளர்ச்சியின் சுவையான கிளை. தூணின் கம்பிக்கட்டில் பட்டையின் ஒரு கண்ணியைக் கோத்து, மறுமுனை வெளியே தொங்குமாறு விட்டுக் கான்கிரீட் ஊற்றுவர். கான்கிரீட் இறுகியபின் அம்முனை அடுத்த தளத்தின் பலகையடைப்புப் பணியாளருக்கு நங்கூரமாகும். வேலை முடிந்ததும் வெளிப்பகுதி வெட்டப்பட்டு, மீதி தூணுக்குள்ளேயே புதைந்துவிடும். பொறியாளர் தீர்மானித்த இடம் என்னும் பழைய முறை இதில் ஓரளவு திரும்பியிருக்கிறது. ஏனெனில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே எங்கே தொங்கவிடுவது என்று யாரேனும் சிந்தித்தாக வேண்டும்.

இந்தியாவில் 1996ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகளும் பாதுகாப்புப் பெல்ட்டையும் உயிர்க்கயிற்றையும் வலியுறுத்தின. பெல்ட்டுகளுக்கும் ஹார்னஸ்களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3521 தரநிலை 1999 பதிப்பாகக் கிடைத்தது. உலோகச் சட்டகம் எழும் பெரிய பணியிடங்களில் நங்கூரப் பட்டை இன்று காணக்கூடிய பொருள்தான். தமிழ்நாட்டின் நடுத்தர அளவுக் கட்டுமானங்களிலோ சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த சாரமே இன்னும் பரவலாக உள்ளது. அத்தகைய சாரத்தில் எந்தப் பட்டையைச் சுற்றினாலும் நங்கூரம் உருவாகாது. ஏற்கெனவே இறுகிய கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ பட்டையைச் சுற்றி, அங்கிருந்து உயிர்க்கயிற்றைச் சாரத்தின் பக்கமாக இறக்கித் தருவதே பொருந்தும் முறை. எந்தத் தூணில் சுற்றுவது என்பதைத் தொழிலாளியின் ஊகத்துக்கு விடாமல், சாரம் கட்டும் நாளிலேயே தளப் பொறியாளர் குறித்துத் தருவதை ஒப்பந்தங்கள் கட்டாயமாக்க வேண்டும்.