எழுதுகோலை நம்பியவர்

காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்த மாணவர்கள் ஒரு செய்தியை மறந்திருக்கமாட்டார்கள். இளமையில் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் தாம் புலால் உண்ண முற்பட்ட வரலாற்றைச் சொல்லுமிடத்தில், அக்காலத்துப் பள்ளிச் சிறுவர்களின் நாவில் வழங்கிய பாட்டு ஒன்றை அவர் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் நம்மை அடக்கி ஆள்வதற்கு அவர்கள் உண்ணும் புலாலே காரணம் என்பது அப்பாட்டின் கருத்து. பாடியவர் பெயரையும் அடிகள் எழுதிவைத்தார். அவரே நர்மத். குஜராத்துக்கு வெளியே பலர் இக்கவிஞரை அறிந்தது இந்த ஒரு பாட்டின் வழியாகத்தான். அது அவருக்கு நேர்ந்த குறை என்றே நான் கருதுகிறேன். குஜராத்தி மொழியில் கவிதை என்றால் என்ன என்னும் கேள்வியைப் புதிய முறையில் எழுப்பியவர் அவர். அக்கேள்விக்குத் தாம் கண்ட விடையின்படியே வாழவும் முயன்றவர். அந்த முயற்சி அவரிடம் வாங்கிய விலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நர்மதாசங்கர் லால்சங்கர் தவே என்பது அவருடைய முழுப் பெயர். 1833ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தபதி நதிக்கரையிலுள்ள சூரத் நகரில், நாகர் பிராமணக் குடியிலே பிறந்தார். தந்தையார் பம்பாயில் ஏடு பெயர்த்தெழுதும் தொழில் செய்து வந்தார். ஆகவே மகனின் கல்வி சூரத்திலும் பம்பாயிலுமாக நடைபெற்றது. எல்பின்ஸ்டன் கல்விச்சாலையில் ஆங்கிலக் கவிகளைக் கற்றுவருகையில் தாயார் இறந்தார். படிப்பு இடையில் நின்றது. சூரத்துக்குத் திரும்பி, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ராந்தேரில் பள்ளி ஆசிரியரானார். இளமையிலேயே மணந்த முதல் மனைவியும் சில ஆண்டுகளில் காலமானார். 1854இல் மீண்டும் பம்பாய்க்குச் சென்றார். அடுத்த ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், கவிதை எழுதத் தொடங்கினார்.

எழுதத் தொடங்கியவுடன் ஒரு தடை எதிர்ப்பட்டது. யாப்பு அறியாமல் செய்யுள் செய்வது எப்படி? அச்சுநூல்கள் அருகியிருந்த காலம் அது. சூரத்தில் ஒரு கொத்தனாரிடம் யாப்பிலக்கண ஏடு ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. அவர் அதனை வெளியே கொடுக்க இசையவில்லை. உயர்குடியில் பிறந்து ஆங்கிலக் கல்வியும் பெற்ற அந்த இளைஞர், சிறிதும் தயங்காமல் கொத்தனார் வீட்டுக்கே சென்று, அங்கேயே அமர்ந்து ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. 1857இல் யாப்பு பற்றியும், அதனை அடுத்து அணி பற்றியும், சுவை பற்றியும் எளிய நூல்களை எழுதி வெளியிட்டார். தமக்குப் பின் கவிதை கற்க வருவோர் ஏட்டுக்காக வீடுவீடாய் அலையவேண்டியதில்லை என்பது அவர் எண்ணம் போலும்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் வாழ்வில் பெருநாள். அன்று பம்பாயில் தாம் வகித்துவந்த ஆசிரியப் பணியை விட்டு விலகினார். வீட்டுக்கு வந்து எழுதுகோலைப் பார்த்துக் கண்ணீர் மல்க, இனி அதன் மடியே தமக்குத் தஞ்சம் என்று அடைக்கலம் புகுந்தார். இனிப் பிறரிடம் வேலை செய்வதில்லை, எழுத்தினாலேயே வாழ்வது என்பது அவருடைய விரதம். அரசரையோ செல்வரையோ அண்டிப் புலவர்கள் வாழ்ந்த நாட்டில், படிப்பறிந்தவர் தொகை மிகச் சிறிதாயிருந்த காலத்தில், இப்படி ஒருவர் முடிவு செய்தார். இதனைத் துணிவு என்பதா, அறியாமை என்பதா? இரண்டும் கலந்தது என்பேன்.

அவ்வாண்டிலேயே கவியையும் கவிதையையும் பற்றிய அவருடைய கட்டுரையும் எழுந்தது. குஜராத்தித் திறனாய்வு இக்கட்டுரையில்தான் பிறந்தது என்று அறிஞர் கூறுவர். ஹாஸ்லிட் என்னும் ஆங்கிலக் கட்டுரையாளரின் கருத்துக்கள் அதிலே செறிந்திருக்கின்றன. ஆயினும் நர்மத் அவற்றைத் தம் மொழியில் 'ஜோஸ்ஸோ' என்னும் ஒரே சொல்லில் அடக்கிக் காட்டினார். உள்ளத்தில் மூண்டெழும் வேகம், உணர்ச்சியின் எழுச்சி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஓசையும் அணியும் கவிதைக்குப் புறத்தே நிற்பவை. எழுச்சியே அதன் உயிர் என்றார். அதுவரை செய்யுளின் நயம் கூறுவோர் சொல்லழகையும் தொடைநயத்தையும் எண்ணிப் பார்த்தனர். பாடியவனின் உள்ளத்தைப் பார் என்று சொன்னது பெரிய மாற்றம்.

அப்போது குஜராத்தில் புகழ்பெற்று விளங்கியவர் தல்பத்ராம். நர்மத்துக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர். நிதானமான அறிவுரையும் பிழையற்ற ஓசையும் அவர் பாட்டின் இயல்புகள். சீர்திருத்தத்தையும் மெல்ல மெல்லவே நடத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. 1859இல் இருவரும் பம்பாயில் சந்தித்தனர். அதன்பின் படிப்பவர்கள் இரு கட்சியாயினர். அந்தச் சண்டையில் பெரும்பகுதி இன்று நமக்கு வேண்டாதது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நர்மத்தின் கொள்கை சிறந்தது. ஆனால் அக்கொள்கை அவர் பாட்டுக்குக் கேடும் செய்தது. எழுச்சி வந்தவுடன் எழுதினார், எழுதியதைத் திருத்தவில்லை. எழுச்சி மிகுந்த அளவுக்குச் சொற்கள் பதப்படவில்லை. இயற்கையையும், காதலையும், நாட்டுப்பற்றையும் தன்னுணர்ச்சிப் பாட்டாகக் குஜராத்தியில் முதன்முதல் பாடிய பெருமை அவருடையது. ஆனால் நெஞ்சில் நிற்கும் பாட்டுக்கள் சிலவே. அவருடைய எழுச்சி முழுமையாகப் பலித்தது உரைநடையில் என்பதே என் கருத்து.

அவ்வுரைநடைக்குப் போர்க்களமாய் அமைந்தது 1864இல் நண்பர்களோடு அவர் தொடங்கிய 'டாண்டியோ' என்னும் இதழ். உறங்கும் ஊரை எழுப்பும் காவற்காரனின் கோலை நினைவூட்டும் பெயர் அது. மூடப்பழக்கங்களையும் போலிப் பெரியமனிதர்களையும் பெயர் சுட்டியே தாக்கியது. இதற்கு முன்பே, 1860இல், கைம்பெண் மறுமணத்தைப் பற்றி வைணவ மடத்தலைவர் ஜதுநாத்ஜி மகராஜுடன் பம்பாயில் நேருக்குநேர் வாதிட்டவர் நர்மத். மடத்தலைவர்களுடைய பக்தர்களின் சினம் எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கே அந்த வாதத்தின் அருமை தெரியும். சொன்னதைச் செய்தும் காட்டினார். தம் குலத்தைச் சேர்ந்த கைம்பெண் ஒருவரை மணந்துகொண்டார். ஆனால் அப்போது மனைவி தாகிகௌரி உயிரோடிருந்தார். ஒரு பெண்ணின் துயர் தீர்க்கச் சென்றவர் இன்னொரு பெண்ணுக்குத் துயர் செய்தார் என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

அவருடைய உழைப்பில் நான் மிகவும் வியப்பது அகராதி. குஜராத்திச் சொற்களுக்குக் குஜராத்தியிலேயே பொருள் கூறும் நூல் வேண்டும் என்று எண்ணினார். கழகமும் இல்லை, உதவியாளர் கூட்டமும் இல்லை. பல ஆண்டுகள் தனியொருவராகச் சொற்களைத் திரட்டினார். 1865இல் பம்பாயில் பருத்தி வாணிகமும் பங்குச் சந்தையும் ஒருங்கே சரிந்தன. நூல்களுக்குப் பொருளுதவி செய்துவந்த செல்வர்கள் நொடித்தனர். கவிஞரும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யத் தெரியாதவர், கடன் பெருகியது. ஆயினும் பணி நிற்கவில்லை. 1873இல் ஏறக்குறைய 25,000 சொற்களோடு 'நர்மகோஷ்' முழுமையாக வெளிவந்தது. குஜராத் மாநிலம் இன்று தன் பெருமைப் பாடலாகப் பாடுகின்ற 'ஜய் ஜய் கரவீ குஜராத்' இந்த அகராதியின் முகப்பில் அச்சிடப்பெற்ற பாட்டு. சொற்பொருள் தேடுவோருக்கென்று எழுதிய நூலின் வாயிலில் நாட்டுப் பாட்டு ஒன்று பிறந்தது.

உலக வரலாற்றையும் அவர் எழுதினார். 'ராஜ்யரங்' என்னும் அந்நூல் 1874இலும் 1876இலும் இரு பகுதிகளாக வந்தது. பல நாடுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அடுக்கடுக்காய்ப் படித்தபோது அவர் உள்ளம் மாறத் தொடங்கியது. மேனாட்டைப் பின்பற்றிச் செய்யும் சீர்திருத்தம் நம் நாட்டை உயர்த்தாது, பழைய தருமமே வேராக வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். 1885இல் வெளியான 'தர்மவிசார்' என்னும் நூலில் அக்கருத்துக்களைக் காணலாம். உடனிருந்த சீர்திருத்தக்காரர்கள் அவரைக் கட்சி மாறியவர் என்று ஏசினர். அவருடைய பிற்கால முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் மாற்றத்தால் அவருக்குப் பணமோ பதவியோ கிட்டவில்லை. இருந்த நண்பர்களும் விலகினர். அன்று மடத்தலைவர் முன் நின்ற நேர்மையோடுதான் இன்று நண்பர்கள் முன்பும் நின்றார் என்று தோன்றுகிறது.

வறுமை மட்டும் விலகவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் காத்த விரதத்தை 1882இல் அவர் கைவிட நேர்ந்தது. பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் அறநிலையத்தில் செயலாளர் வேலையை ஏற்றுக்கொண்டார். மனம் ஒடிந்தே அதனை ஏற்றார் என்பர். நான்கு ஆண்டுகளுக்குள், 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் ஐம்பத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் எழுதியவற்றுள் ஒன்று, உலகத்தார் கண்ணில் பட நெடுங்காலம் ஆயிற்று. 1866இல், முப்பத்துமூன்று வயதிலேயே, 'மாரீ ஹகீகத்' என்று தன் வரலாற்றை எழுதினார். குஜராத்தியில் எழுந்த முதல் தன்வரலாறு அதுவே. தம் அச்சமும், ஆசையும், கடனும், காதலும் ஒளிவின்றிச் சொல்லப்பட்டிருந்தமையால், நண்பர்களுக்கென்று சில படிகள் மட்டுமே அச்சிட்டு நிறுத்திக்கொண்டார். அந்நூல் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டது 1933இல், அவருடைய நூற்றாண்டு விழாவின்போது. காந்தியடிகளின் தன்வரலாறு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே குஜராத்தியில் வந்துவிட்டது.