பக்கத்துக் கடைக்கு எவ்வளவு யூனிட்?

கரன்ட் பில் வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு?" இரண்டாவது கேள்வி "எதிர் வீட்டுக்கு எவ்வளவு வந்ததாம்?" டெல்லி, குர்காவ் பக்கம் மே, ஜூன் மாதங்களில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இதைச் சுற்றித்தான் போகும். எதிர் வீட்டுக்காரருக்குக் குறைவாக வந்திருந்தால் உடனே காரணமும் சொல்லிவிடுவோம். "அவங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போயிடறாங்க." "அவங்களுக்கு ஒரே ஏசிதான்." "நம்ம வீட்டுல ஊர்லேருந்து அத்தை, மாமா வந்திருந்தாங்க இல்ல?"

சிரிக்க வேண்டாம். ஒரு பெரிய துறையே இந்தப் பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. மின்சாரத்தை அளப்பது பாதி வேலை. அளந்ததை யாரோடு வைத்துப் பார்ப்பது என்பது மீதிப் பாதி, அதுதான் கஷ்டமான பாதியும்கூட. எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். ஆடிட்டர் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் வருமான வரிக் கணக்கோடு வந்துவிடாதீர்கள். நான் கரன்ட் பார்க்கிற ஆடிட்டர்! கடைகளின் மின்சாரக் கணக்கு எப்படி வளர்ந்தது என்று எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டார்கள். இதோ.

மின்விளக்கை முதலில் வாரி அணைத்துக்கொண்டவர்களில் கடைக்காரர்களும் உண்டு. 1878 டிசம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வானமேக்கர் என்ற பெரிய கடை ஆர்க் விளக்குகளை ஏற்றியது. எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் வந்தது 1882இல்தான். அதாவது வீட்டுக்கு மின்சாரம் வரும் முன்பே கடைக்கு வந்துவிட்டது. வெளிச்சம் இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வியாபாரம் நடக்கும். நம் தி.நகர் உஸ்மான் ரோட்டுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு செலவானது என்று எப்படி அளந்தார்கள்? எடிசனின் ஆரம்பகால மீட்டரில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ரசாயனக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குத் துத்தநாகம் போய்ச் சேரும். கம்பெனி ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய், தராசில் நிறுத்து, பில் போடுவார். வாடிக்கையாளர் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, கம்பெனியை நம்ப வேண்டியதுதான். 1889இல் ஹங்கேரியைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி சுழலும் தட்டு வைத்த மீட்டரைக் கொண்டுவந்தார். நம் ஊர் வீடுகளின் திண்ணையில் சிவப்புக் கோட்டோடு சுற்றிக்கொண்டிருந்ததே அலுமினியத் தட்டு, அதன் தாத்தா இதுதான். அளப்பது அன்றைக்கே ஒரு வழியாக முடிந்துவிட்டது. ஒப்பிடுவதற்கு இன்னும் 90 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் கடைகளின் செலவு ஏறிக்கொண்டே போனது. 1924இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் கடையில் தள்ளுபடி விற்பனை நடந்த அடித்தளம் கோடையில் புழுங்கித் தள்ளியது. வாங்க வந்தவர்கள் மயக்கம் போட்டு விழும் அளவுக்கு நெரிசல். கேரியர் கம்பெனியின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். மயக்கம் நின்றது, கூட்டம் கூடியது. அதன்பின் குளிர்ச்சியும் விற்பனைத் தந்திரங்களில் ஒன்றாகிவிட்டது. மின்சாரம் மலிவாகக் கிடைத்த காலம், யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பீப்பாய் 3 டாலர் விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. எங்கே எவ்வளவு எரிசக்தி போகிறது என்று அப்போதுதான் அரசாங்கங்கள் தேட ஆரம்பித்தன. ஆலைகளுக்குக் கணக்கு இருந்தது. கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாம் 'மற்றவை' என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்தன. அந்த மூட்டையைப் பிரிக்க அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 1979இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. நாடு முழுக்க சில ஆயிரம் கட்டடங்களை மாதிரியாக எடுத்து, பரப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிவாயு என்று கேட்டார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை இது நடந்துவருகிறது.

இந்தக் கணக்கெடுப்பின்மேல் கட்டப்பட்டதுதான் 'எனர்ஜி ஸ்டார்' மதிப்பெண். 1999இல் ஆபீஸ் கட்டடங்களோடு தொடங்கி, பிறகு கடைகளையும் சேர்த்தார்கள். 1 முதல் 100 வரை மதிப்பெண். 50 என்றால் உங்களைப் போன்ற கட்டடங்களில் நீங்கள் நட்டநடுவில். 75 வாங்கினால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 'உங்களைப் போன்ற' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கடை என்றால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திறப்பு, எத்தனை ஊழியர்கள், எத்தனை குளிர்பெட்டிகள், அந்த ஊரில் எவ்வளவு வெயில், எவ்வளவு குளிர், இத்தனையும் கணக்கில் வரும். மளிகைப் பொருள் விற்கும் சூப்பர் மார்க்கெட்டைத் துணிக்கடையோடு சேர்க்காமல் தனி வகையாகவே வைத்தார்கள். பால், காய்கறி, ஐஸ்கிரீம் விற்கிறவனும் சட்டை விற்கிறவனும் ஒரே வரிசையில் நின்றால் பால்காரன் எப்போதும் தோற்றுப்போவான்.

இதிலும் சறுக்கல் உண்டு. 2007ஆம் வருடக் கணக்கெடுப்பில் செலவைக் குறைக்கப் புதுவிதமாக மாதிரி எடுத்தார்கள். சரிவரவில்லை. அந்தத் தரவிலிருந்து நம்பகமான மதிப்பீடு கிடைக்கவில்லை என்று 2011இல் அறிவித்துவிட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2012ஆம் ஆண்டுக்கானது. அதை வைத்து மதிப்பெண்ணைத் திருத்தியது 2018இல். அதுவரை கடைகளும் ஆபீஸ்களும் 2003ஆம் வருடத்துக் கட்டடங்களோடுதான் போட்டி போட்டன. பழைய கட்டடங்களோடு ஒப்பிட்டால் யாரும் நன்றாகத்தானே தெரிவார்கள்? திருத்தியபின் பல கட்டடங்களின் மதிப்பெண் இறங்கியது. கட்டடம் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். மும்பையில் கிராஸ்ரோட்ஸ், டெல்லியில் அன்சல் பிளாசா, இரண்டும் 1999இல் திறந்தன. அடுத்த சில வருடங்களில் குர்காவின் எம்.ஜி. ரோடு முழுக்க மால்கள். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதை நடத்த பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் வாரியம் 2002 மார்ச்சில் வந்தது. அவர்கள் ஆரம்பத்தில் ஆடிட் செய்தவை ராஷ்டிரபதி பவன், எய்ம்ஸ் போன்ற டெல்லிக் கட்டடங்கள். 2007இல் புதுக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு, 2009இல் ஆபீஸ்களுக்கு ஃபிரிட்ஜில் ஒட்டுவது போல நட்சத்திரம். டெல்லி மாதிரி தட்பவெப்பத்தில், பாதிக்கு மேல் ஏசி போட்ட ஆபீஸ் ஐந்து நட்சத்திரம் வாங்க, வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 90 யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அன்று வைத்தார்கள்.

எதால் வகுப்பது என்பதில் நம் ஆட்கள் ஒரு காரியம் தெளிவாகச் செய்தார்கள். பார்க்கிங்கும் அடித்தளமும் பரப்பில் சேராது. ஜெனரேட்டர் ஓட்டி எடுத்த மின்சாரம் கணக்கில் சேரும். இரண்டும் முக்கியம். பார்க்கிங்கைச் சேர்த்தால் எந்த மாலும் சிக்கனமாகிவிடும். அன்றைக்கு இருந்த மின்வெட்டில் டீசலை விட்டுவிட்டால் பாதிக் கதை காணாமல் போயிருக்கும்.

அதே சமயத்தில் அமெரிக்க உதவியோடு நடந்த 'எக்கோ-3' திட்டத்தில் பல வகைக் கட்டடங்களின் பில்களைத் திரட்டினார்கள். அதில் சுமார் நூறு மால்கள். சராசரி, சதுர மீட்டருக்கு வருடம் 250 யூனிட் அளவில் வந்தது. நம் கணக்கில் சதுர அடிக்கு மாதம் ஏறத்தாழ 2 யூனிட். 1,000 சதுர அடி ஃப்ளாட்டில் மாதம் 300 யூனிட் ஆகிறது என்றால் உங்கள் வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.3. மால் ஆறேழு மடங்கு.

இந்தச் சராசரி மனிதர்கள்மேல் எப்படி விழுகிறது என்பதை 2011இல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இங்கே ஒரு மாலின் கீழ்த்தளத்தில் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் 600 சதுர அடியில் கடை வைத்திருந்தார். அப்பளம், காபித்தூள், முருங்கைக்காய், தினமும் அரைத்த இட்லி மாவு. நம் குடும்பங்கள் பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தும் வருவார்கள். மாலின் பராமரிப்பு நிர்வாகம் ஒரு புது விதி கொண்டுவந்தது. சதுர அடிக்கு ஆகும் யூனிட், மற்ற கடைகளின் சராசரியைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். மற்ற கடைகளின் சராசரி 2க்குச் சற்றுக் குறைவு. அண்ணாச்சிக்கு மாதம் 2,700 யூனிட், அதாவது 4.5. இரண்டு மாதக் கூடுதல் கட்டணம் வந்ததும் கடையைக் காலி செய்யும் யோசனைக்கே போய்விட்டார். "தம்பி, நான் என்ன கரன்டைத் திங்கவா செய்யுதேன்?" என்று கேட்டார்.

ஒரு வாரம் மீட்டர் மாட்டித் தனித்தனியாகப் பார்த்தோம். திறந்த முகப்புக் குளிர்பெட்டி ஒன்றுக்கே மாதம் 900 யூனிட். ஃப்ரீசர், பாட்டில் கூலர், கிரைண்டர் எல்லாம் சேர்த்தால் 1,500ஐத் தாண்டியது. அதைக் கழித்தால் விளக்கு, காற்றுவிசிறி, பில் மிஷின் வகையில் சதுர அடிக்கு 2 யூனிட்கூட இல்லை. அந்த விஷயத்தில் அவர் எதிர்க்கடை செருப்புக்காரருக்குச் சமம். ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் வீண் இருந்தது. ராத்திரி கடை மூடிய பின் குளிர்பெட்டி திறந்தபடியே ஓடியது. அதற்கு ஒரு மடக்குத் திரை போட்டதும் 900 என்பது 750 அளவுக்கு இறங்கியது. தாளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனோம். மூன்று சந்திப்புக்குப் பிறகு உணவுக்கடை, மற்ற கடை என்று இரண்டு சராசரி வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. கடை நின்றது.

சட்டம் அவருக்கு உதவியிருக்காது. வணிகக் கட்டடம் என்று அது அன்று வரையறுத்தது 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேல். மால் அதற்குள் வரும், அதற்குள் இருக்கும் அண்ணாச்சி வரமாட்டார். சிறு கடைக்காரனுக்குக் கணக்குதான் துணை.

சதுர அடிக் கணக்கு ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. ஆள் வராத, பாதிக் கடைகள் பூட்டிய மாலுக்குச் சதுர அடிக் கணக்கு பிரமாதமாக இருக்கும். தீபாவளிக் கூட்டம் நெரியும் தி.நகர் ஜவுளிக்கடை அதனிடம் தோற்கும். ஒரு பில்லுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டுப்பாருங்கள், முடிவு தலைகீழாகும். திறந்திருக்கும் நேரத்தையும் ஊழியர் எண்ணிக்கையையும் அமெரிக்கக் கணக்கில் சேர்த்தது இதற்காகத்தான். நியூயார்க் நகரம் 2009இல் பெரிய கட்டடங்கள் தங்கள் செலவை வருடாவருடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது. 2020 முதல் அந்த மதிப்பெண்ணை ஏ, பி, சி, டி என்று வாசலிலேயே ஒட்டச் சொல்லிவிட்டது. துணிந்து ஒட்ட முடிவது, பின்னால் பல வருடக் கணக்கெடுப்பு இருப்பதால்தான்.

நம்மிடம் இல்லாதது அதுதான். நூறு மால்கள் தந்த பில் ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அது நாடு தழுவிய மாதிரி இல்லை. அதற்குப் பின் டியூப்லைட்டும் ஹாலோஜனும் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. 2017இல் விதித்தொகுப்பைத் திருத்தினார்கள், 2022இல் சட்டத்தையும் திருத்தினார்கள். அளவுகோலை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அதை வைத்துப் பார்க்க வேண்டிய கடைகளை இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

உங்களில் கடை வைத்திருப்பவர்கள் மூன்று வேலை செய்யலாம். மாத யூனிட்டைச் சதுர அடியால் வகுத்து எழுதிவையுங்கள். குளிர்பெட்டிகளுக்குத் தனி சப்-மீட்டர் போடுங்கள், சில ஆயிரம் ரூபாய்தான். மூன்றாவது, உங்களுக்குச் சராசரிக்கு மேல் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "யாருடைய சராசரி?"