டோர் பயனர்களை இணையதளங்கள் தடுத்தல்

டோர் என்னும் பெயரிலி வலைப்பின்னல் வழியே வருபவர்களை இணையதளங்கள் உள்ளே விடாமல் மறுப்பதும், கேப்ட்சா சோதனைகளால் அலைக்கழிப்பதும், படிக்க மட்டும் விட்டு எழுதவிடாமல் செய்வதும் இதில் அடங்கும். அரசுகள் டோரையே முடக்குவது வேறு. இங்கே தடுப்பது தளம்.

டோரின் அடிப்படையான வெங்காய வழிச்செலுத்தம் 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. 2006 முதல் டோர் புராஜெக்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. பயனரின் தரவு பொதுவாக மூன்று கணினிகளைக் கடந்து செல்கிறது. அவற்றில் கடைசிக் கணினியான வெளியேறு கணுவின் ஐ.பி. முகவரி மட்டுமே தளத்துக்குத் தெரியும். அந்த முகவரிகளின் பட்டியலை டோர் புராஜெக்டே வெளியிடுகிறது. பயனர் யார் என்பதை மறைப்பதுதான் டோரின் நோக்கம். அவர் டோரில் வருகிறார் என்பதைத் தளத்திடம் மறைப்பது அன்று. ஆகவே தடுக்க நினைப்பவருக்கு வேலை மிக எளிது.

தடைக்கு வேர், ஐ.பி. முகவரியை ஓர் ஆளாகக் கருதும் பழக்கம். வெளியேறு கணுக்கள் குறைவு, பயனர்களோ பல லட்சம். ஒரே முகவரியில் செய்தியாளரும் குப்பை மின்னஞ்சலுக்கு முகவரி திரட்டும் நிரலும் சேர்ந்து வருகிறார்கள். நிரலின் பழி முகவரியில் படிந்து, பின்னால் வரும் அனைவரையும் பிடிக்கிறது. தம் வலையமைப்புக்கு டோர் வழியே வரும் கோரிக்கைகளில் 94 விழுக்காடு தீங்கானவை என்று 2016இல், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் கூறியது. டோர் புராஜெக்ட் அக்கணக்கை ஏற்கவில்லை. அந்த எண் கோரிக்கைகளைப் பற்றியது, மனிதர்களைப் பற்றியது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்: தனியொரு நிரலால் ஆயிரம் பேர் அனுப்புவதைவிட அதிகக் கோரிக்கைகளை அனுப்ப முடியும்.

விக்கிப்பீடியாவை டோரில் படிக்கலாம். திருத்த வேண்டுமானால் நிர்வாகிகளிடம் தடைவிலக்கு பெற வேண்டும். வெறும் பயனர் கணக்கு போதாது. இத்தடையையும் மீறி 2007 முதல் 2018 வரை நுழைந்துவிட்ட 11,000க்கும் மேற்பட்ட திருத்தங்களை ஆய்வாளர்கள் பின்னர் சோதித்தனர். கணக்கின்றி எழுதும் மற்றவர்களின் பங்களிப்புக்கும் புதியவர்களின் பங்களிப்புக்கும் ஒப்பான தரம் அவற்றில் இருந்தது. முழுத் தடையால் இழப்பது விஷமத்தை மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தளத்தினர் செய்யக்கூடியது நிறைய உண்டு. படிப்பதைத் திறந்துவிட்டு, எழுதுவதை மட்டும் சரிபார்ப்புக்கு நிறுத்தலாம். பிரைவசி பாஸ் என்னும் நெறிமுறையில், ஒருமுறை சோதனையில் தேறியவர் அடையாளம் காட்டாத சீட்டுகளைப் பெற்று அடுத்த தளங்களில் கொடுக்கிறார். சீட்டு யாருக்கு வழங்கப்பட்டது என்று வழங்கியவராலும் கண்டறிய இயலாது. டோருக்குள்ளேயே இயங்கும் ஆனியன் (.onion) முகவரியைத் தளமே வைத்துக்கொண்டால் வெளியேறு கணுவே தேவைப்படாது. ஃபேஸ்புக் 2014இலும் பிபிசி 2019இலும் அப்படிச் செய்தன.

தடைபட்ட பயனர், டோர் உலாவியில் அத்தளத்துக்குப் புதிய சுற்றை, அதாவது வேறு கணினிகள் வழியான பாதையைக் கோரினால் வேறொரு வெளியேறு கணு கிடைக்கும். தடுக்கப்பட்டது ஒரு கணு மட்டும் என்றால் இதுவே போதும். தளத்துக்கு ஆனியன் முகவரி உண்டா என்று பார்ப்பது அடுத்த படி. இரண்டும் பலிக்காவிட்டால், எந்தப் பக்கத்தில் என்ன செய்ய முடியவில்லை என்று தள நிர்வாகிக்கு எழுதலாம். பல தடைகள் யாரும் யோசித்து இட்டவை அல்ல. பாதுகாப்புச் சேவையின் இயல்பு அமைப்பிலேயே வந்தவை என்பதால், நிர்வாகிக்கே அவை தெரியாமல் இருக்கலாம். பொறுமையிழந்து சாதாரண உலாவிக்கு மாறுவதில்தான் ஆபத்து: பெயரிலியாக டோரில் பயன்படுத்திய அதே கணக்கில் அப்போது நுழைந்தால், சொந்த ஐ.பி. முகவரி அக்கணக்கோடு பதிவாகிவிடும்.