கம்ப்யூசெர்வ்

கம்ப்யூசெர்வ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய முன்னோடி வணிக இணைப்புச் சேவைகளுள் ஒன்று ஆகும். உலகளாவிய வலை பரவுவதற்கு முன்னர், வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலுள்ள பெரிய கணினிகளுடன் இணைத்து, மின்னஞ்சல், செய்தி, கலந்துரையாடல் முதலிய வசதிகளை இது கட்டணத்துக்கு வழங்கியது. இச்சேவையின் மூல வடிவம் 2009 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது.

வரலாறு

1969 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கொலம்பசு நகரில், ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமாக இது தொடங்கப்பட்டது. பிடிபி-10 வகைக் கணினிகளின் நேரத்தைப் பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவதே அதன் முதல் தொழில். அலுவலக நேரம் முடிந்தபின் இக்கணினிகள் பெரும்பாலும் வேலையின்றி இருந்தன. அந்த நேரத்தை வீட்டுப் பயனர்களுக்கு விற்கும் நோக்குடன் 1979 இல் மைக்ரோநெட் என்னும் சேவை தொடங்கப்பட்டது. 1980 இல் எச் அண்டு ஆர் பிளாக் நிறுவனம் கம்ப்யூசெர்வை வாங்கியது.

பயனர் அடையாளம் பெயராக அன்றி, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரு எண்களாக இருந்தது. பிடிபி-10 கணினியின் எட்டடிமான எண்முறையைப் பின்பற்றியதால் அவற்றில் 8, 9 ஆகிய இலக்கங்கள் இடம்பெறவில்லை.

ஈர்ப்பு

1980 இல் அறிமுகமான சிபி சிமுலேட்டர், பலர் ஒரே நேரத்தில் தட்டச்சிட்டு உரையாட உதவியது. ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் இதன்வழி நண்பர்களாயினர். மணம் புரிந்துகொண்டோரும் உண்டு. அதே ஆண்டில் கொலம்பசு டிசுபாட்ச் நாளிதழின் உரை இச்சேவையில் கிடைத்தது. மென்பொருள், மருத்துவம், பொழுதுபோக்கு எனத் துறைவாரியான கருத்துக்களங்களில் வல்லுநர்கள் ஐயங்களுக்கு விடையளித்தனர். படங்களைச் சுருக்கி அனுப்ப இங்கு 1987 இல் உருவாக்கப்பட்ட ஜிஃப் கோப்பு வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது.

கட்டணம்

பயன்படுத்தும் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் பெறப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில், மாலையிலும் வார இறுதியிலும் 300 பாட் வேகத்துக்கு மணிக்கு 6 டாலரும், 1200 பாட் வேகத்துக்கு 12.50 டாலரும் செலுத்த வேண்டியிருந்தது. பகல்நேரக் கட்டணம் இதனினும் மிகுதி. உள்ளூரில் இணைப்பு எண் இல்லாதோர் தொலைதூர அழைப்புக்குத் தனியே செலவிட்டனர்.

300 பாட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் வந்தன. 30,000 எழுத்துகள் கொண்ட கோப்பைப் பெற ஏறத்தாழ 17 நிமிடங்களும் 1.67 டாலரும் தேவைப்படும். 1200 பாட் வேகத்தில் அதே கோப்பு 4 நிமிடங்களில், 87 சென்ட் செலவில் வந்துவிடும். எனவே கோப்புகளைப் பெறுவோருக்கு விரைவான மோடெம் இலாபகரமானது. உரையாடுவோருக்கோ நிலைமை நேர்மாறானது. தட்டச்சிடும் வேகத்துக்கு 300 பாட் போதுமாகையால், விரைவான இணைப்பு செலவை மட்டுமே இருமடங்காக்கியது. நாளுக்கு ஒரு மணி நேரம் உரையாடியவருக்குக் குறைந்த வேகத்திலேயே மாதம் 180 டாலர் ஆகும்.

இச்செலவைக் குறைக்க டாப்சிசு போன்ற நிரல்கள் பயன்பட்டன. இவை இணைப்பை ஏற்படுத்தி, புதிய செய்திகளை விரைந்து பதிவிறக்கி, உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். பயனர் அவற்றைப் பொறுமையாகப் படித்து, மறுமொழிகளை எழுதி வைத்து, அடுத்த இணைப்பில் அனுப்புவார்.

பிற சேவைகள்

ஐபிஎம், சியர்சு நிறுவனங்கள் 1988 இல் தொடங்கிய பிராடிஜி, மாதத்துக்கு ஒரே கட்டணம் என்னும் முறையைப் பின்பற்றியது. விளம்பரமும் பொருள் விற்பனையும் வருவாய் ஈட்டும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் பயனர்கள் பொருள் வாங்குவதைவிட ஒருவருக்கொருவர் எழுதுவதையே விரும்பினர். 1990 இல் மாதம் 30 மடல்களுக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் கட்டணம் அறிவிக்கப்பட்டது. இதை எதிர்த்தோரில் சிலரின் கணக்குகள் நீக்கப்பட்டன.

வீழ்ச்சி

திசம்பர் 1996 இல் அமெரிக்கா ஆன்லைன் மாதம் 19.95 டாலருக்கு வரம்பற்ற இணைப்பை வழங்கத் தொடங்கியது. மணிக்கணக்கு நீங்கியதும் பயனர்கள் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்ததால், தொலைபேசி இணைப்புகள் நிரம்பிப் பலர் உள்நுழைய இயலாது போயினர். 1998 இல் கம்ப்யூசெர்வின் வலையமைப்பு வேர்ல்டுகாம் வசமும், தகவல் சேவை அமெரிக்கா ஆன்லைன் வசமும் சென்றன. அமெரிக்கா ஆன்லைனின் தொலைபேசிவழி இணைப்புச் சேவையும் செப்டம்பர் 30, 2025 அன்று முடிவுக்கு வந்தது.