ரயில் பெட்டி ஓட்டலும் பாஞ்சாகுளம் பெட்டிக்கடையும்

ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகளை ஓட்டலாக்குவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. 2020-ல் மேற்கு வங்கத்தின் அசன்சோல் நிலையத்தில் இரண்டு பழைய பெட்டிகளை அப்படி மாற்றினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தோழர்களே, ரயிலும் சோறும் சேர்ந்த இடத்தில் நமக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது.

தென்னிந்திய ரயில் நிலைய உணவுச்சாலைகளில் ஒருகாலத்தில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று தனித்தனி இடம் இருந்தது. ஏறி வந்த ரயில் ஒன்று. இலை போடும் இடம் மட்டும் வேறு. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்தார்கள். 1941-ல் அந்தப் பிரிவினை நீங்கியது.

தென்காசி வழியே கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரயில் போனது 1904-ல். ரயில் நிலையத்தில் பலகை இறங்கிவிட்டது. ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இறங்கவில்லை. கடையிலும் உணவகத்திலும் சாதி பார்க்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)-வது பிரிவு. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்க 1955-லேயே தனிச் சட்டமும் வந்தது.

இருந்தும் 2022-ல், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன தலித் பிள்ளைகளை ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கடைக்காரர். அந்தக் காணொளி வெளியே வந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, கடைக்குச் சீல் எல்லாம்.

ரயில்வேக்கு நிர்வாகம் ஒன்று. ஓர் உத்தரவு போதும். ஊருக்குச் சாட்சி வேண்டும், புகார் வேண்டும்.

சீசனுக்குக் குற்றாலம் வரும் தோழர்கள் பரோட்டாவோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்து ஊர்களில் ஒரு டீ குடியுங்கள். யாருக்கு எந்தக் குவளை, யாருக்குப் பெஞ்சு, யாருக்குத் தரை என்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.